ஜொகூரில் வணிகச் செலவுச் சொற்கள்

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில் கடையிலும் தோட்டத்திலும் செலவைக் குறிக்கத் தமிழர் கையாண்டுவரும் சொற்கள் இரண்டு வழிகளில் வந்தவை: ஒன்று செட்டியார் கணக்கு, மற்றது ரப்பர் தோட்ட ஆபீஸின் ஆங்கிலக் கணக்கு. பின்னால் வந்த வருமான வரி, இச்சொற்களுக்குச் சட்டக் கண்டிப்பைக் கொடுத்தது.

மூவார் போன்ற ஊர்களில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் தமிழிலேயே கணக்கு எழுதினர். அன்றாட வரவும் செலவும் குறிப்பில் ஏறும். அங்கிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரியும். கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) கட்டுவார்கள். மூன்றாண்டுத் தவணைக்குச் சொந்த ஊரிலிருந்து வந்த ஏஜெண்டின் சம்பளத்துக்கும் கோயிலுக்கான மகமைக்கும் அதில் இடமுண்டு. மகமையை ஆங்கிலக் கணக்கின் நன்கொடை என்ற தலைப்பில் அடக்க முடியாது. அது மனமுவந்து எப்போதாவது கொடுப்பதல்ல. வியாபாரம் தன்மீது விதித்துக்கொண்ட கடமை.

தோட்டத்தில் கணக்கு கிராணி எனப்படும் எழுத்தரின் கையில் இருந்தது. விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் பதிவார். அதுவே சம்பளத்துக்கும் ஆட்களை மேற்பார்த்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு எனக் கிடைக்கும் தலைக்காசுக்கும் ஆதாரம். சிகாமட், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் காடு வெட்டி ரப்பர் நட்ட கம்பெனிகளுக்கு மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆயின. அதுவரை காடு வெட்டியது, கான் (வடிகால்) தோண்டியது, புல் வெட்டியது எல்லாமே மூலதனச் செலவு. பால் வெட்டத் தொடங்கியபின் அதே புல்வெட்டு நடப்புச் செலவாகிவிடும். வெட்டியவருக்குக் கூலி மாறவில்லை. லண்டன் பங்குதாரர் படிக்கும் ஆண்டறிக்கையில் மட்டும் அது வேறு பக்கத்துக்குப் போயிற்று. கிராணி, துரை (தோட்ட மேலாளர்) ஆகியோரின் சம்பளம், பங்களாச் செலவு போன்றவை 'ஜெனரல் சார்ஜஸ்' என்ற தலைப்பில் சேர்ந்தன.

மலாயாவில் 1947ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தால் வருமான வரி வந்தபின், இந்தப் பிரிவினை சிறு கடைக்காரரையும் தொட்டது. இன்று நடப்பிலுள்ள 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வருமானம் ஈட்டுவதற்கென்றே முழுமையாகச் செய்த செலவைத்தான் கழிக்க விடுகிறது. ஒழுகும் கூரையைப் பழுதுபார்த்தால் கழிக்கலாம். கடையை நீட்டிக் கட்டினால் அது மூலதனம். வாடிக்கையாளருக்கு வைக்கும் விருந்தில் பொதுவாகப் பாதிதான் கழியும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வேலையாள் தன் கைக்காசைப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்பது மலேசியத் தமிழர் பேச்சில் 'கிளேம்'தான். அதற்கு வேறு சொல்லை யாரும் தேடவில்லை.

ஜொகூருக்கே உரிய செலவு ஒன்று சிங்கப்பூருடன் இணைக்கும் பாலத்தின் வழியாக வந்தது. 1967இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயம் வெளியிட்டபோதும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லுபடியாயின. சிங்கப்பூரில் சரக்கெடுத்த ஜொகூர் பாரு கடைக்காரர் இரண்டையும் வெள்ளி (டாலர்) என்றே எழுதிக்கொள்ள முடிந்தது. 1973 மே 8 அன்று அந்த ஏற்பாடு முடிந்தது. பிறகு சிங்கப்பூர் வெள்ளி ஏற ஏற, கடனுக்கு எடுத்த சரக்கின் விலை பில் கட்டும் நாளில் கூடியது. நாணயமாற்று நட்டம் செலவுக் கணக்கில் நிலைத்த இடம் பிடித்தது.

அண்மைக் குழப்பம் விற்பனை வரியால் வந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) இருந்தபோது, பதிவுபெற்ற வணிகர் கொள்முதலில் கட்டிய வரியைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடிந்தது. 2018 செப்டம்பர் 1 அன்று எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பியதும் அந்த வசதி போயிற்று. கட்டிய வரி சரக்கின் அடக்க விலையோடு சேர்ந்துவிடுகிறது.