பலகையும் திரையும்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில் சுமார் 3 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அலுவிகாரை. அதுவரை பிக்குகளின் நினைவில் வாழ்ந்துவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் இங்குதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஏடு வந்தது, ஆயினும் ஓதுதல் ஒழியவில்லை. பிரித் ஓதும் ஒலி இன்றும் விகாரைகளில் கேட்கிறது. புதிய ஊடகம் வந்தால் பழையது அழிந்தே தீரவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. பலகையிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்துவரும் சதுரங்கத்தைப் பற்றிப் பேசும்போதும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

தொலைவிலிருந்து சதுரங்கம் ஆடுவது இணையம் தந்த புதுமை அன்று. 1844 இல், மோர்ஸ் அமைத்த தந்திக் கம்பி வழியே வாஷிங்டன் நகரத்தாரும் பால்டிமோர் நகரத்தாரும் ஆடினர். 1945 இல் சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் வானொலி வழியே மோதின. சோவியத் அணி 15½ - 4½ என்ற புள்ளிகளில் வென்றது. 1965 இல் ஹவானாவில் நடந்த கப்பபிளங்கா நினைவுப் போட்டிக்குச் செல்ல பொபி பிஷருக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கவில்லை. அவர் நியூயோர்க்கிலுள்ள மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் அமர்ந்து, தொலையச்சுக் கருவி மூலம் நகர்வுகளை அனுப்பியே அப்போட்டியில் ஆடினார்.

அக்காலத்தில் செய்திதான் கம்பியில் சென்றது. காயை எடுத்து வைத்தது மனிதக் கை. 1990களில் இணையவழிச் சதுரங்கத் தளங்கள் தோன்றியபின்னரே பலகையும் மறையத் தொடங்கியது.

அதனால் இழந்தது என்ன? பலகையில், நகர்த்தும் நோக்குடன் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். எதிரே இருப்பவரின் மூச்சும் தயக்கமும் ஆட்டத்தின் பகுதிகள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக வாகையரான சென்னை இளைஞர் குகேஷ், கண்ணீர் வழிய, காய்களை மீண்டும் தொடக்க நிலையில் அடுக்கிவைத்தார். 2025 ஜூனில் நோர்வேயில் அவரிடம் தோற்ற மக்னஸ் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்த, காய்கள் அதிர்ந்தன. வெற்றிக்கும் தோல்விக்கும் உடல் சாட்சியாக நின்ற கணங்கள் அவை.

திரைக்கும் அதன் பெருமை உண்டு. 2022 பெப்ரவரியில், 16 வயதான சென்னைச் சிறுவர் பிரக்ஞானந்தா, அப்போதைய உலக வாகையர் கார்ல்சனை வீழ்த்தியது இணையப் போட்டியொன்றில்தான். விமானச் சீட்டின்றி உலகின் முதல்வரைச் சந்திக்கும் வாய்ப்பை அதற்கு முன் எந்தத் தலைமுறை பெற்றது?

ஆனால் அந்த வாய்ப்பு ஓர் இணைப்பில் தொங்குகிறது. 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த இணைய ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்றில், இணைப்பு அறுந்ததால் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் நேரம் முடிந்து தோற்றனர். இறுதியில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளராக அறிவிக்கப்பட்டன. அதே போட்டியின் காலிறுதியில், இணைப்பு அறுந்து தோற்ற ஆர்மேனிய வீரருக்காக அந்நாடு செய்த முறையீடு ஏற்கப்படவில்லை, ஆர்மேனியா விலகிக்கொண்டது. அன்று பயன் பெற்றது இந்தியா. கம்பி யாருக்கும் உறவினன் அல்லன்.

உலக அணிகளுக்கே இந்த நிலை என்றால், எல்கடுவ, ரத்தோட்டை மலைச்சரிவுகளில் அலைவரிசை தேடி மேட்டில் ஏறிநிற்கும் தோட்டத்துப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். அப்பிள்ளைக்குத் திரை மிக அவசியம். வலிமையான எதிராளிகளை வேறெங்கே காண்பது? ஆயினும் கைத்தொலைபேசி இருக்கிறதே என்று பாடசாலைகள் பலகையைக் கைவிட்டால், இணைப்பு அறுந்த நாளில் அப்பிள்ளைக்கு ஆட்டமே இல்லாமற் போகும். பலகைக்கு ஒருமுறைதான் விலை. அதற்கு டேட்டாவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எதிரே அமர இன்னொரு பிள்ளை போதும். பாடசாலைகள் முதலில் அதனை வாங்கட்டும்.