பெயர் மறைந்த சிற்றாலயங்கள்

புதுச்சேரி நகரின் தேவாலய மரபு என்றதும் 1791இல் எழுந்த சம்பா கோயிலும், 1855இல் கட்டி முடிந்த கப்ஸ் கோயிலும், 1907இன் திரு இருதய ஆலயமுமே எண்ணப்படுகின்றன. மூன்றும் கத்தோலிக்கத் திருச்சபைக்கு உரியவை, மூன்றும் கண்ணைக் கவரும் முகப்புடையவை. இந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒரு மரபு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு அண்மையில், நாகப்பட்டினம், மன்னார்குடி வட்டாரங்களில் வளர்ந்தது.

1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகளில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் சென்றார்; அடுத்த சில ஆண்டுகளில் அப்பணி காவிரிப் படுகைக்கும் பரவியது. பல ஊர்களை ஒரே போதகரின் பொறுப்பில் இணைத்து, அவர் வராத வாரங்களில் உள்ளூர் உபதேசியாரே ஆராதனை நடத்தும் முறை மெதடிஸ்டுகளுடையது என்பதால், கிராமத்துக்குத் தேவைப்பட்டது கோபுரமன்று, அனைவரும் அமர்ந்து பிரசங்கம் கேட்கக்கூடிய ஒரு கூடமே. அலங்காரம் குறைந்த அக்கூடத்தில் பிரசங்க பீடம் முதன்மை பெற்றதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. வசனத்தைக் கேட்பதே வழிபாட்டின் மையம் என்ற கொள்கையும் ஆகும்.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன் சபையும் தென்னிந்திய ஐக்கிய சபையும் மெதடிஸ்ட் சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தமிழகத்தின் வெஸ்லியன் ஆலயங்கள் ஒரே நாளில் முன்னாள் மெதடிஸ்ட் ஆலயங்களாயின. அமெரிக்க மெதடிஸ்ட் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. இலங்கையிலோ மெதடிஸ்ட் திருச்சபை இன்றும் தன் பெயரிலேயே இயங்குகிறது. ஆகவே காவிரிப் படுகையில் அந்தத் தனி மரபுக்குச் சான்றாக எஞ்சுபவை கட்டடத்தின் அமைப்பும், அடிக்கல் வாசகமும், ஞானஸ்நானப் பதிவேடுகளுமே.

ஆஸ்திரேலியாவில் 1979இல் வகுக்கப்பட்ட பர்ரா சாசனம் என்னும் பாதுகாப்பு நெறி, ஓர் இடத்தின் மதிப்பில் அழகோடு வரலாற்றையும் சமூகப் பிணைப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இந்நெறிப்படி நோக்கினால், சிற்றாலயத்தின் எளிமை ஒரு குறையன்று, அதுவே முதன்மையான ஆவணம். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உதிரத் தொடங்குகிறது; பீடத்தை இடம் மாற்றினால் வழிபாட்டு முறையின் தடயமே அழிகிறது.

புதுச்சேரியில் 2014இல் மேரி என்னும் பழைய நகர மண்டபக் கட்டடம் இடிந்து விழுந்தது; பின்னர் அதை மீண்டும் எழுப்ப அரசு முன்வந்தது. கிராமத்துக் கூடத்துக்கு அத்தகைய மறுபிறப்பு வாய்க்காது. எனவே மராமத்துக்கு முன்பே அளவு வரைபடமும் கல்வெட்டுப் படியும் எடுக்கப்பட்டு, பதிவேடுகளோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டும்.