சொல்லுக்குத் தொண்டு செய்த குரல்

கவிஞர் யாத்த சொல் முந்துமா, குரலின் இனிமை முந்துமா என்னும் வழக்கு ஐரோப்பியரின் ஆபரா எனும் இசைநாடகத்தில் நெடுங்காலத்தது. அவ்வழக்கின் நடுவே வாழ்ந்தவர் இத்தாலியப் பாடகர் பெலிச்சே வரேசி (1813–1889). உச்சக் குரலுக்கும் தாழ்குரலுக்கும் இடைப்பட்டு நிற்கும், பாரிடோன் எனப்படும் ஆண்குரல் அவருடையது.

பிரான்சின் கலே நகரில் பிறந்து 1834இல் மேடையேறிய வரேசியின் பெயர் வரலாற்றில் நிலைபெற்றது இசைமேதை வெர்டியால். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தை இசைநாடகமாக்க முனைந்த வெர்டி, தலைமைப் பாத்திரத்துக்கு வரேசியே வேண்டும் என வற்புறுத்தினார். அவர் சுருதி விலகிப் பாடுபவர் என்று எவரேனும் கூறினும் கவலையில்லை, அப்பாத்திரம் பெரிதும் பேச்சுநடையில் அமைவது என எழுதினார். வரேசிக்கு 1847 சனவரியில் விடுத்த மடலிலோ, சொல்லையும் சூழலையும் ஆழ்ந்து பயின்றால் இசை தானே வந்தமையும் என்றார். இசையமைத்த தம்மைவிடக் கவிஞருக்கே பாடகர் நன்கு தொண்டாற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இசையமைப்பாளர் ஒருவரின் இவ்விருப்பம் கவிஞர்களாகிய நாம் நினைந்து மகிழத்தக்கது.

கொலை நிகழும் இரவில் கணவனும் மனைவியும் பாடும் இணைப்பாடல், தாழ்ந்து இருண்ட குரலிலேயே ஒலிக்க வேண்டும் என்பது வெர்டியின் ஆணை. அதனை 150 முறைக்குமேல் ஒத்திகை பார்த்ததாக உடன் பாடிய பார்பியெரி-நினி அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மீண்டும் ஒருமுறை என வெர்டி அழைத்தபோது வரேசி சினந்து இடைவாளின் பிடியைப் பற்றினாராம்! 1847 மார்ச்சு 14 அன்று பிளாரன்சில் நாடகம் வென்றது.

1851இல் வெனிசில் 'ரிகோலெட்டோ' அரங்கேறியது. அதன் நாயகன் அரசவை விகடன், கூனன். கூன் ஆகாதெனத் தணிக்கையாளர் தடுத்தும் வெர்டி இணங்கவில்லை. அக்கூனை முதன்முதல் சுமந்தவரும் வரேசியே.

ஈராண்டில் வந்தது வீழ்ச்சி. 1853 மார்ச்சு 6 அன்று அதே அரங்கில் 'லா டிராவியாட்டா' தோற்றது. தந்தை வேடமேற்ற வரேசியின் தளர்ந்த குரலைக் காரணம் காட்டுவோர் பலர். அதனை நான் முழுவதும் ஏற்கேன். அத்தந்தையின் பாடல் நீண்டு ஒழுகும் இனிய குரலை வேண்டுவது. சொல்லை உணர்த்தும் திறனுக்காகத் தேர்ந்த கலைஞரிடம் அதனை எதிர்பார்த்தது பொருந்துமா? தம் ஆற்றலை வெர்டி அறிந்து பயன்படுத்தவில்லை என வரேசியும் மடலொன்றில் முறையிட்டார். 1854 மே மாதத்தில் வெனிசின் வேறோர் அரங்கில், வேறொரு பாடகர் தந்தையாக நடிக்க, அந்நாடகம் பெருவெற்றி பெற்றது. ஆயின், அதற்குமுன் தந்தையின் பாடற்பகுதிகள் சிலவற்றை வெர்டி திருத்தியிருந்தார்.