அளவு மீறிய இரக்கம்: ஓர் உளவியல் கருத்தின் வரலாறு

பிறருக்கு உதவும் முயற்சியே உதவுபவரையோ, உதவி பெறுபவரையோ, அவர்களை அண்டி வாழும் வேறொருவரையோ கெடுத்துவிடுவது உண்டு. பார்பரா ஓக்லி உள்ளிட்ட நால்வர் தொகுத்து 2011-இல் வெளிவந்த நூல், இந்நிலைக்கு ‘நோய்த்தன்மையுள்ள பிறர்நலம்’ என்ற பெயரைப் பரவலாக்கியது. வெளியிலிருந்து பார்ப்பவர் முன்னரே ஊகித்திருக்கக்கூடிய தீங்கு விளைந்தால்தான் ஓர் உதவி இவ்வகையில் சேரும் என்று ஓக்லி 2013-இல் வரையறுத்தார். பெயர் புதிது, கேள்வி மிகப் பழையது.

திருக்குறளில் இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒப்புரவறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், ஒப்புரவால் கேடு வருமானால் அக்கேட்டைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. வலியறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளோ, இருப்பை எண்ணிப் பாராமல் செய்யும் ஒப்புரவு செல்வத்தை விரைவில் அழிக்கும் என எச்சரிக்கிறது. இவற்றை முரண்பாடு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. முதலாவது அறத்துப்பாலில் தனிமனிதனை நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது பொருட்பாலில், அரசனுக்குரிய பகுதியில் வருகிறது. அரசன் கெட்டால் அவனை நம்பியிருப்போரும் கெடுவர். அளவு தேவைப்படுவது பிறர் சார்ந்து நிற்கும் இடத்தில்தான் என்று இந்த வைப்புமுறையைப் படிக்கலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம் அளவற்ற ஈகையைப் பக்தியின் உச்சமாகக் காட்டுகிறது. வறுமையுற்ற இளையான்குடி மாறனார், மழை இரவில் வந்த அடியாருக்காக அன்று விதைத்த நெல்லையே வாரிவந்து அமுது படைக்கச் செய்கிறார். பக்தி இலக்கியத்தை நோய்க்குறிப்பாகப் படிப்பது தவறு. ஆயினும் விதைநெல்லையும் கொடுப்பவரே உயர்ந்தவர் என்ற அளவுகோல் தமிழர் வீடுகளில், குறிப்பாகப் பெண்கள்மீது, இன்றும் சுமத்தப்படுகிறது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலை வேறொரு வழியைத் திறந்தது. பசித்தவருக்குச் சோறிடும் பொறுப்பு ஒருவர் வீட்டு அடுப்பிலிருந்து பலர் சேர்ந்து காக்கும் அணையா அடுப்புக்கு மாறியது.

ஐரோப்பிய உளவியலில் இச்சிக்கலை முதலில் கூர்ந்து பார்த்தவர்களுள் ஒருவர் அன்னா ஃப்ராய்டு. 1936-இல் வெளிவந்த நூலில், குழந்தைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். சிறுவயதில் அழகிய உடைகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆசைப்பட்ட அப்பெண், பின்னர் தமக்கென எதையும் கேட்காமல் மற்றவர்களின் திருமணத்திலும் பிள்ளைகளிலும் முழு ஈடுபாடு காட்டினார். தம் விருப்பங்களைப் பிறரிடம் ஒப்படைத்து அவர்கள் வழியே நிறைவு தேடும் இப்போக்கை அன்னா ஃப்ராய்டு மனத்தின் தற்காப்பு முறைகளுள் ஒன்றாக வைத்தார்.

கவனம் தனிமனிதரின் ஆழ்மனத்திலிருந்து வேலைச்சூழலுக்குத் திரும்பியது 1974-இல். நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், மிகுந்த அர்ப்பணிப்புள்ள தொண்டர்களே விரைவில் உடைந்துபோவதைக் கண்டு, அதை ‘எரிந்தடங்கல்’ என்று அழைத்தார். அவரும் பகலில் சொந்தத் தொழில் பார்த்து இரவில் அங்கே உழைத்துச் சோர்ந்தவர்தாம். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் இச்சோர்வை அளக்கும் கருவியை உருவாக்கினார். உணர்வு வறட்சி, உதவி நாடுவோரை வெறும் பொருள்போல் நடத்துதல், தம் பணியில் நிறைவின்மை ஆகியவை அதன் மூன்று கூறுகள். இரண்டாவது கூறு கவலைக்குரியது. அளவு மீறி இரங்கியவர் கடைசியில் இரக்கமற்றவராகத் தெரிகிறார். அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். 1992-இல் தாதியரைப் பற்றிக் கார்லா ஜாய்ன்சனும், 1995-இல் விரிவாகச் சார்ல்ஸ் ஃபிக்லியும் ‘இரக்கச் சோர்வு’ பற்றி எழுதினர்.

அப்படியானால் இரக்கமே ஆபத்தானதா? உளவியலாளர் டானியல் பேட்சனின் சோதனைகள் இரண்டு உணர்வுகளைப் பிரித்துக் காட்டின. பிறர் வேதனையைக் கண்டு தாமே தவித்தல் ஒன்று. அவர் நலத்தில் அக்கறை கொள்ளுதல் மற்றொன்று. தவிப்பவர், வாய்ப்புக் கிடைத்தால் அவ்விடத்தை விட்டு விலகவே முயல்கிறார். டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் மூளைப்பட ஆய்வுகளில் இதை உறுதிப்படுத்தினர். பிறர் வலியைத் தம் வலியாக உணரப் பயின்றோரிடம் மனத்துயர் கூடியது. பரிவுப் பயிற்சிக்குப் பின் நேர்மறை உணர்வு மிகுந்தது, வேறு மூளைப் பகுதிகள் இயங்கின. தம்மை முற்றிலும் ஒதுக்கிவைத்துப் பிறரையே கவனிக்கும் இயல்பை 1990-களில் ஆராய்ந்த விக்கி ஹெல்கசன், அது மனச்சோர்வோடு தொடர்புடையதெனவும் பெண்களிடம் மிகுதி எனவும் கண்டார்.

இவ்வாய்வுகளில் பலவற்றுக்கு முன்பே நடைமுறை சில வேலிகளை அமைத்திருந்தது. சாட் வாரா 1953-இல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் இயக்கத்தின் வழியில் 1970-இல் கோலாலம்பூரில் பிஃப்ரண்டர்ஸும், 1986-இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகாவும் வந்தன. பினாங்கிலும் பிஃப்ரண்டர்ஸ் இயங்குகிறது. தற்கொலை எண்ணத்தோடு பேசுபவருக்குச் செவிகொடுக்கும் இம்மரபில், தொண்டர் முறைவைத்து அமர்கிறார்; முறை முடிந்ததும் கேட்டவற்றைச் சக பொறுப்பாளரிடம் இறக்கிவைக்கிறார். ஒருவர் துயரம் ஒரே ஒருவர் தோளில் தங்குவதில்லை.

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்குப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் பணிபுரிவோருக்கு எரிந்தடங்கலின் பொருள் கோவிட் காலத்தில் தெளிவாயிற்று. மலேசியச் சுகாதாரத் துறைப் பணியாளர்களிடையே நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பாதிக்கும் மேற்பட்டோர் எரிந்தடங்கிய நிலையில் இருந்தனர். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இந்நிலையைத் தொழில்சார் நிகழ்வு என்று மட்டுமே ஏற்றது. வாழ்வின் பிற துறைகளுக்கு ‘எரிந்தடங்கல்’ என்ற சொல் பொருந்தாது என்றும் வரையறுத்தது. இதனால் பெரிய விடுபடல் ஒன்று நேர்ந்தது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் தூக்கிக் கிடத்தும் மருமகளுக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை, அச்சொல்லும் இல்லை.

அவர் போன்றோரின் சுமையை அளக்கும் கருவி 1980-இலேயே வந்துவிட்டது. ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் மறதிநோயாளிகளின் 29 பராமரிப்பாளர்களை ஆராய்ந்தபோது, நோயின் கடுமை சுமையைத் தீர்மானிக்கவில்லை. மற்ற உறவினர்கள் அடிக்கடி வந்துபோன வீடுகளில் சுமை குறைவாக இருந்தது. பினாங்கில் 1990-களில் தொடங்கிய, இறுதிநிலை நோயாளிகளின் வீட்டுக்கே தாதியர் செல்லும் ஹோஸ்பிஸ் சேவை இவ்வழியில் அமைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு வலிதணிப்புப் பராமரிப்பு வரையறையும், நோயாளியோடு அவர் குடும்பத்தையும் பராமரிப்புக்கு உரியவர்களாகச் சேர்த்தது.