ஸ்டோரை அலுவலகமாக்கினால் மூச்சுக் காற்று எங்கிருந்து வரும்?

லாயாங் லாயாங் – செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள இந்தக் குளுவாங் மாவட்டச் சிற்றூரைப் போன்ற இடங்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் இருப்பது வழக்கம். உரமூட்டை, களைக்கொல்லி, புல்வெட்டும் இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அதன் ஒரு பகுதியைத் தடுத்துக் கணக்கெழுதவும், காப்புறுதி வேலை பார்க்கவும், பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தவும் சிறிய அறை கட்டுகிறார்கள்.

தகரக் கூரையின் வெயிலையும் மழைச் சத்தத்தையும் தடுக்க, சுவரிலும் கூரையிலும் பஞ்சுப் பலகை அடைத்து, இடுக்குகளைப் பூசி, ஏர்கோன் மாட்டுகிறார்கள். அறை குளுகுளுவென்று ஆகிவிடும். ஆனால், சிறிது நேரத்தில் தலை கனக்கும், கண் சொருகும். காரணம் எளிது. வீடுகளில் பொருத்தும் சுவர் ஏர்கோன், அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றை அது உள்ளே கொண்டு வருவதில்லை.

தோட்டத்தில் தெரிந்த பாடம்

ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட கட்டடங்களைப் பார்த்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. கீழே காற்று நுழைய வழியும், கூரையில் திறந்து மூடும் வாயும் இருக்கும். மேல்வாய் அடைபட்டால் ஈரம் வெளியேறாது, சீட்டும் காயாது. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும் என்பதே அதன் விதி. இன்றைய சிறிய அலுவலகத்துக்கும் அதே விதிதான்.

கணக்கு

உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் கொண்ட அறையில் 22,500 லிட்டர் காற்று இருக்கும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு கரியமில வாயு உண்டு. முற்றிலும் மூடிய அந்த அறையில் ஒருவர் இருந்தால் சுமார் 40 நிமிடத்தில் அது 1,000 பங்கைத் தொடும். இருவர் இருந்தால் 20 நிமிடம் போதும். டியூஷனுக்கு ஆறு பிள்ளைகள் வந்தால் அதைவிட விரைவாக ஏறிவிடும்.

நம் நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி, உட்புறக் காற்றின் தரம் பற்றி 2010இல் வெளியிட்ட நெறிமுறையும் அந்த 1,000 பங்கையே வரம்பாக வைத்துள்ளது. அந்த அளவு நஞ்சல்ல. அறைக்குப் புதிய காற்று போதவில்லை என்பதற்கான அடையாளம். இருவர் வேலை செய்யும் அறை அந்த வரம்புக்குள் இருக்க, மணிக்குச் சுமார் 70 கன மீட்டர் வெளிக்காற்று தேவை.

சட்டம்

1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளின்படி, இயற்கைக் காற்றை நம்பியிருக்கும் தொழில் அறையில் சன்னல்களின் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தடையின்றிக் காற்று வரும் திறப்பு 5 விழுக்காடாவது வேண்டும். 9 சதுர மீட்டர் அறைக்கு அது 0.45 சதுர மீட்டர். ஒரு நாக்கோ சன்னலிலேயே அது கிடைத்துவிடும். ஆள் வைத்து வேலை வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல், சில விலக்குகள் தவிர, எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது.

உள்ளே தள்ளுவதா, வெளியே இழுப்பதா?

பலர் செய்யும் தவறு, காற்று நுழைய வழி விடாமல் வெளியிழுக்கும் காற்றாடியை மட்டும் மாட்டுவது. அப்போது அது கதவிடுக்கு வழியாக ஸ்டோர் காற்றை இழுக்கும். களைக்கொல்லி வாடையும் பெட்ரோல் ஆவியும் அதனுடன் வரும்.

அதற்குப் பதிலாக, வெளிச்சுவரில் நிழல் விழும் பக்கம் சிறிய காற்றாடியை வைத்து, வடிகட்டி வழியே காற்றை உள்ளே தள்ளலாம். எதிர்ச்சுவரில், மேலே, வெளிப்புறத்துக்குப் போகும் துளை விட வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் ஸ்டோர் காற்று உள்ளே வராது. வடிகட்டியும் கொசுவலையும் காற்றைக் குறைக்கும் என்பதால், காற்றாடியின் அட்டையில் போட்டிருக்கும் அளவு தேவையைப் போல் இரு மடங்கு இருப்பது நல்லது. இரண்டையும் மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

ஈரமும் பூஞ்சையும்

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மணிக்கு 70 கன மீட்டர் காற்று வந்தால், அதிலிருந்து ஏர்கோன் ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏர்கோன் விரைவில் குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை முழுமையாக எடுக்காது. எனவே அளவானதே போதும்.

குளிர் நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, ஈரம் தடுக்கும் தாளைச் சுவரின் உட்பக்கம் ஒட்டுவதும் தவறு. இங்கே ஈரம் வெளியிலிருந்து குளிர்ந்த அறையை நோக்கி வருகிறது. அலுமினியத் தாள் பஞ்சுப் பலகைக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உட்சுவரில் பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்டினால் அதன் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

புகைமூட்டக் காலம்

2013 ஜூனில் ஜொகூரின் மூவாரிலும் லேடாங்கிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் காற்றாடியைக் குறைந்த வேகத்தில் வைத்து, நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியைப் போட வேண்டும். அறையில் ஆள்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

உயிரைப் பறிக்கும் வாயு

மின்சாரம் போனதும் ஸ்டோருக்குள் ஜெனரேட்டரை ஓட்டுவது மிகப் பெரிய ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வந்த பிறகு எழுந்து கதவைத் திறக்கவும் முடியாது. ஜெனரேட்டர் திறந்தவெளியில், காற்று நுழையும் துளைக்கு வெகு தொலைவில் இருக்க வேண்டும். ஸ்டோருக்குள் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டு நிறுத்தி வைப்பதும் கூடாது.

ஏற்கெனவே அறை கட்டியவர்கள் காலையில் ஏர்கோனைப் போடுமுன்பும், பிறகு மணிக்கு ஒருமுறையும், வெளிப்புறச் சன்னலைச் சில நிமிடம் திறந்து வைக்கலாம். இனிமேல் கட்டுபவர்கள் ஊராட்சி மன்றத்தில் அனுமதி கேட்கும்போதே காற்று வரும் துளையையும் போகும் துளையையும் வரைபடத்தில் காட்டிவிட வேண்டும். சுவரை மூடிய பிறகு துளை போடுவது இரட்டைச் செலவு.