ஒரு பொறிக்காகக் காத்திருந்த இரவு



போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் மகளுடைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. "சர்வீஸ்காரருக்குப் போன் பண்ணிட்டேம்மா" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போய்ப் பழைய பிளக் ஸ்பேனரை எடுத்து வந்தேன். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றாள். அந்த ஸ்பேனரை நான் கையில் எடுத்ததே அவளால்தான். அது அவளுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. 1960-களில் அதன் உரிமத்தோடு பஜாஜ் இங்கே ஸ்கூட்டர் செய்தது. 1972-இல் சேத்தக் வந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கத்தின் லைசென்ஸ் தீர்மானித்த காலம் அது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அப்படி வந்த வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால் வீடே வாசலுக்கு வந்துவிடும். ஒருவர் வண்டியைச் சாய்ப்பார், இன்னொருவர் சோக்கை இழுப்பார்.

அந்த வண்டிகளின் உயிர் மாக்னெட்டோவில் இருந்தது. 1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷின் தொழிற்கூடத்தில் கோட்லோப் ஹோனோல்ட் என்பவர் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அதே தத்துவம்தான் எங்கள் ஸ்கூட்டரிலும். கிக்கரை உதைத்தால் காந்தச் சக்கரம் சுற்றும். கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். சரியான நொடியில் 'பாயிண்ட்' திறந்து அதைத் துண்டிக்கும். அந்தத் திடீர்த் துண்டிப்பில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கின் நுனியில் பொறியாகத் தாவும். பாயிண்ட் திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் மெல்லிய அழுக்குப் படிந்தாலும் போதும், பொறி வராது.

எங்கள் ஊர் உப்பளம். பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். பாயிண்ட்டை மட்டும் விட்டுவைக்குமா?

1988 நவம்பர், அடைமழை. எங்கள் வீட்டுக்காரருக்கு மில்லில் இரவு ஷிப்ட். மில்லுக்குச் சைக்கிளில்தான் போவார். ஸ்கூட்டர் வீட்டில் நின்றது. நள்ளிரவில் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்து உதைத்தான், உதைத்தான், வேர்த்துக் கொட்டியது. வண்டி அசையவில்லை. கடைசியில் ஒரு ரிக்‌ஷாக்காரரை எழுப்பி, முழங்கால் தண்ணீரில் அவர் தள்ளிக்கொண்டே வர, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். குழந்தை பிழைத்தாள். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்துத் தெருமுனை மெக்கானிக் வந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நனைந்திருந்தது. "பெட்ரோல் வருது டீச்சரம்மா, கரண்டுதான் வரல" என்றார். சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக்கைக் கேப்பில் செருகி இன்ஜின் இரும்பின் மேல் வைத்து உதைத்தார். பொறி இல்லை. மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தின் ஓட்டை வழியாகப் பாயிண்ட்டை உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தார். மறுபடி உதைத்தபோது நீலப் பொறி வந்தது. பிளக்கை மாட்டி உதைத்த இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா? ஒரு துண்டு உப்புத்தாள் வேலைக்கா அந்த ராத்திரி அவ்வளவு பயந்தேன்? "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றேன். "கையெல்லாம் கரியாகும்மா" என்று சிரித்தார். ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, குழாயைப் பார். நனைந்திருந்தால் பொறியைப் பார். கறுத்து எண்ணெயாக இருந்தால் ஆயில் கூடுதல்; துடைத்து மாட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பார். கணக்கில் தப்பு வந்தால் முதல் வரியிலிருந்து பாருங்கள் என்று உங்களிடம் ஓயாமல் சொன்னேனே, அந்தப் பாடம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

பழுது பார்க்கத் தெரிந்தும், சேலையோடு அந்தக் கிக்கரை உதைத்து ஓட்ட எனக்குத் துணிவு வரவில்லை. 1980-களின் நடுவில் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பாயிண்ட் இல்லை, மின்னணு இக்னிஷன். பொத்தானை அழுத்தினால் போதும். 1991-இல் சொசைட்டிக் கடன் போட்டு ஒன்று வாங்கினேன். "பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" என்று கேட்ட என் மாமியாரே பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வந்தார். அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடியைச் சுற்றும் அவதி போய், பெண்கள் தனியாகக் கார் எடுப்பது எளிதானது. அதே மாற்றம் எழுபது வருடம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்தது. புதுச்சேரியில் இன்று எத்தனை பெண்கள் வண்டியில் பறக்கிறார்கள்! அந்தச் சின்னப் பொத்தானுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இப்போது பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. 2020-இல் சேத்தக் என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. அதில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை.

போன வாரக் கதைக்கு வருகிறேன். என் ஸ்பேனர் மகளுடைய வண்டியின் சின்னப் பிளக்குக்குச் சேரவே இல்லை. ஆனால் வரிசையாகப் பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. பேட்டரி இருந்தது. சைடு ஸ்டாண்டு எடுத்திருந்தது. பிளக் கேப்பைக் கையால் இழுத்தேன். உள்ளே மழைத் தண்ணீர். சேலைத் தலைப்பால் துடைத்து அழுத்தி மாட்டினேன். "இப்போ பொத்தான அழுத்துடி" என்றேன். கிளம்பிவிட்டது. சர்வீஸ்காரருக்கு அவளே மறுபடி போன் செய்து வர வேண்டாம் என்றாள்.

உங்கள் வீட்டு முதல் வண்டி எது? அதை யார் உதைத்தார்கள், யார் பின்னால் உட்கார்ந்தார்கள்? கீழே எழுதுங்கள். பிழையிருந்தால் திருத்துவேன், பழக்கம் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர், உப்பளம்