பொதுமூலமும் தனிப்பெயரும்: மென்பொருட் பெயர்மாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திறந்த மூல மென்பொருளை ஒரு வணிக நிறுவனம் தன் விற்பனைப் பண்டத்தோடு இணைத்து, வேறு பெயர் சூட்டி வழங்குவதைச் சிலர் களவு என்பர். வேறு சிலர் வெறும் சட்ட நடைமுறை என்பர். பெயரென்பது ஒன்றே எனக் கொள்வதனாலேயே இவ்விரு கூற்றுகளும் எழுகின்றன. உண்மையில் இங்கு இரு பெயர்கள் உள. ஒன்று, நிரலை எழுதியோரின் பெயர். மற்றையது, அதனை விற்போரின் வியாபாரக் குறி. முன்னது உழைப்பின் பதிவு. பின்னது சந்தையிற் சொத்து. இவ்வேறுபாடு வரலாற்றுவழி நோக்கப்படல் வேண்டும்.

பேர்க்கிலியில் உருவான பீ.எஸ்.டீ. மென்பொருளின் பழைய உரிமம், அதன் சிறப்புக்களையோ பயன்பாட்டையோ குறிப்பிடும் விளம்பரங்கள் யாவும் அதனை ஆக்கியோரையும் குறிப்பிட வேண்டுமென விதித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1999இல் அவ்விதியை நீக்கியது. மூலநிரலிலும் உடன்வழங்கும் ஆவணங்களிலும் பதிப்புரிமைக் குறிப்பைப் பேணும் கடப்பாடு எஞ்சியது. ஆக்கியோர் பெயர் இவ்வாறு சந்தையின் கண்ணினின்றும் பின்வாங்க, விற்போர் பெயரின் பெறுமதி உயரலாயிற்று.

லினக்ஸின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1991இல் லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய இப்பணி, பல்லாயிரவரின் கூட்டுழைப்பால் வளர்ந்தது. அதன் பொது உரிமம் நிரலைப் பிரதிசெய்வதை எவரும் தடுக்க இடமளிப்பதில்லை. ஆயின் அதனைத் தொகுத்து விற்ற றெட் ஹற் நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும் அவ்வுரிமத்துக்கு உட்பட்டனவல்ல. எனவே 2004இல் தோன்றிய சென்ட் ஓ.எஸ். குழுவினர் அக்குறிகளை அகற்றி, அதே மூலநிரலை மீளத் தொகுத்து இலவசமாக வழங்கினர். 2006 ஒக்டோபரில் ஒறக்கிள் நிறுவனமும் அவ்வாறே குறிகளை நீக்கித் தன் பெயரிட்டு, பராமரிப்புச் சேவையைக் குறைந்த விலைக்கு விற்க முன்வந்தது. நிரல் பொதுவாகவே இருந்தது. போட்டி பெயரையும், அப்பெயர் வாக்களித்த சேவையையும் பற்றியதாயிற்று.

பின்னர் 2014இல் சென்ட் ஓ.எஸ். றெட் ஹற்றின் அரவணைப்புக்குள் வந்தது. 2019இல் ஐ.பி.எம். ஏறத்தாழ 3,400 கோடி டொலருக்கு றெட் ஹற்றையே வாங்கியது. 2023 யூனில், தன் வணிகப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவில் வெளியிடுவதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கே வழங்க றெட் ஹற் முற்பட்டது. பெயர் என்னும் வேலி மாத்திரம் போதாதென மூலதனம் கண்டமையையே இது காட்டுகின்றது.

எனவே பெயர்மாற்றத்தைப் பொதுப்படக் கண்டிப்பதும் ஏற்பதும் பொருந்தா. பிறர் வியாபாரக் குறியை அகற்றுவது சட்டத்தின் தேவை. அதனோடு ஆக்கியோரின் பதிப்புரிமைக் குறிப்பையும் அழிப்பது உரிம மீறல் மட்டுமன்று, சமூக உழைப்பை மறைத்தலுமாகும். பொதுவுடைமையாய் விளைந்த பொருள் எவர் பெயரிற் சந்தைக்கு வருகின்றது என்பதோடு, அதன் விளைவை எவர் நுகர்கின்றனர் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.